கொல்கத்தாவுக்கு எப்போது போவது?

ஒரு நகரத்தைக் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் இடங்களின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்கின்றனர். இன்ன மாளிகை, இன்ன பொருட்காட்சிசாலை, இன்ன பாலம் என்று குறித்துக்கொண்டு, பார்த்தவற்றை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு ஊர் திரும்புகின்றனர். சில நகரங்களுக்கு அந்த முறை போதும். ஆக்ராவில் தாஜ்மகால் எந்த மாதத்திலும் நின்ற இடத்தில்தான் நிற்கும். கொல்கத்தாவின் செல்வமோ பெரிதும் நிகழ்ச்சிகளில் அடங்கியது. ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ போனால், தெரு இருக்கும், கட்டடம் இருக்கும், காண வந்தது இராது.

தமிழ்நாட்டுக்கு வெளியே பிழைப்பை அமைத்துக்கொண்ட நம்மவர்க்கு இது சிறிய செய்தி அன்று. தில்லியிலோ நாகபுரியிலோ பிலாயிலோ இருப்பவர்க்கு ஆண்டு விடுப்பில் பெரும்பகுதி சொந்த ஊருக்கே போய்விடுகிறது. தங்கை திருமணம், குலதெய்வ வழிபாடு, வீட்டுப் பத்திர வேலை என்று ஒவ்வோராண்டும் ஒரு காரணம் வந்து நிற்கும். மத்திய அரசு ஊழியர்க்குக் கிடைக்கும் விடுமுறைப் பயணச் சலுகையிலும், இந்தியாவின் எப்பகுதிக்கும் போகலாம் என்னும் வாய்ப்பு நான்கு ஆண்டுகள் கொண்ட தொகுதிக்கு ஒரு முறைதான். இவ்வாண்டு எழுபது வயதான தாயார் துணைக்கு வர இசைகிறார். அடுத்த தொகுதியில் அவருக்கு எழுபத்து நான்கு. பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு அப்போது பொதுத்தேர்வு வந்துவிடும். ஆகவே எந்த ஊருக்குப் போவது என்று எண்ணுவதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, எந்த வாரத்தில் போவது என்று எண்ணுவதிலும் செலவிடுதல் வேண்டும்.

அதற்கு முதலில் வங்காளத்தாரின் ஆண்டைப் படிக்கத் தெரிய வேண்டும். அங்குள்ள விழாக்கள் மூன்று வகைக் கணக்கில் வருகின்றன. ஆங்கில நாட்காட்டியை ஒட்டி வருவன ஒரு வகை. புத்தகக் காட்சி, இசை மாநாடு, திரைப்பட விழா, கிறிஸ்துமஸ் முதலியன இவ்வகை. இவற்றுக்கு நாள் குறிப்பது எளிது. இரண்டாம் வகை, வங்கச் சூரிய ஆண்டின் தேதியை ஒட்டியவை. தமிழர்க்கு இதில் ஒரு வசதியும் உண்டு, ஓர் இடரும் உண்டு. வங்க ஆண்டும் நம் ஆண்டும் ஒரே பொழுதில், சூரியன் மேடத்தில் புகும்போது பிறக்கின்றன. நமக்குப் புத்தாண்டு ஏப்ரல் 14. அவர்களுக்கு அதே நாளோ அதற்கு அடுத்த நாளோ. மாதங்களும் ஏறத்தாழ இணையாகவே ஓடுகின்றன. இடர் என்னவெனில், பெயர்கள் ஒரு படி தள்ளி நிற்கின்றன. நாம் சித்திரை என்னும் மாதத்தை அவர்கள் வைசாகம் என்கின்றனர். அவர்கள் நாவில் அது 'பொய்சாக்'. நம் மார்கழி அவர்களுக்குப் பௌஷம். நம் பங்குனிதான் அவர்களுடைய சைத்திரம். பெயரொலியைக் கேட்டு, பௌஷம் என்பது தைதானே என்று எண்ணிச் சாந்திநிகேதனத்துப் பௌஷ மேளாவுக்குத் தை ஏழாம் நாள் போய் நிற்பவர், மேளா முடிந்து ஒரு மாதம் ஆன வெறும் திடலைத்தான் காண்பார்.

மூன்றாம் வகை திதியை ஒட்டியது. துர்க்கா பூசை, காளி பூசை, சரசுவதி பூசை, தேர்த் திருவிழா ஆகிய பெரிய விழாக்கள் எல்லாம் இதில் அடங்கும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவாதலின், இவை ஒவ்வோராண்டும் பதினொரு நாள் போல முன்னே நகர்கின்றன. இரண்டரை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அதிக மாதம் ஒன்று நுழைந்து, மீண்டும் பின்னே தள்ளிவிடுகிறது. துர்க்கா பூசை 2024-இல் அக்டோபர் இரண்டாம் வாரத்திலும், 2025-இல் செப்டம்பர் இறுதியிலும் வந்தது. 2026-க்கு அது அக்டோபர் மூன்றாம் வாரம். 2020-இல் நேர்ந்தது இன்னும் விந்தை. மகாளய அமாவாசை செப்டம்பர் 17-இல் வந்தது. இடையில் அதிக மாதம் புகுந்துகொண்டதால், வழக்கமாக ஆறாம் நாள் தொடங்கும் பூசை முப்பத்தைந்து நாள் கழித்து அக்டோபர் 22-இல்தான் தொடங்கியது. ஆதலின் சென்ற ஆண்டுத் தேதியை நண்பரிடம் கேட்டுக்கொண்டு பயணச்சீட்டு எடுத்தல் ஆகாது. பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர் வீட்டில் இருந்தால் அவரே இதற்குத் தக்க வழிகாட்டி.

இனி ஆண்டின் உச்சத்திலிருந்தே தொடங்குவோம். கொல்கத்தாவின் துர்க்கா பூசையை 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மானிட குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பும் அதன் பெருமை குன்றியிருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அது செல்வர் வீட்டு விழா. பிளாசிப் போர் நடந்த 1757-ஆம் ஆண்டில் சோபாபஜாரில் நபகிருஷ்ண தேவ் தம் மாளிகையில் தொடங்கிய பூசை இன்றும் அவ்வீட்டில் நடைபெறுகிறது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாராவில் பன்னிரண்டு நண்பர்கள் கூடிப் பணம் திரட்டிப் பொதுப் பூசை ஒன்றை நடத்தினர் என்பர். பன்னிரு தோழர் என்னும் பொருளில் எழுந்த 'பாரோயாரி' என்ற சொல், பொதுமக்கள் கூடி நடத்தும் பூசைக்கே பெயராயிற்று. இன்று நகரின் ஒவ்வொரு குடியிருப்பும் தனித்தனியே பந்தல் எழுப்புகிறது. ஆயிரக்கணக்கான பந்தல்கள், ஒவ்வொன்றிலும் ஓராண்டுச் சிந்தனை. மூங்கில், துணி, சணல், சுடுமண், பழைய தட்டுமுட்டுப் பொருள் என எதைக் கொண்டும் கலைஞர்கள் ஒரு கோயிலையோ கிராமத்தையோ கனவையோ சமைத்துவிடுகின்றனர். ஐந்தே நாள், பிறகு பிரித்துவிடுவர். 'பண்டால்' என்று அவர்கள் சொல்லும் அச்சொல் நம் பந்தல்தான் என்பதை, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றவர் சொல்லாமல் இருக்க முடியாது.

வானொலி நேயர்க்கு இவ்விழா சஷ்டியன்று தொடங்குவதில்லை. அது மகாளய அமாவாசையின் விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறது. அவ்வேளையில் கொல்கத்தா வானொலி 'மகிஷாசுர மர்த்தினி' என்னும் நிகழ்ச்சியை ஒலிபரப்புகிறது. 1930-களின் தொடக்கத்தில் பிறந்தது இது. பாணிகுமார் எழுத, பங்கஜ் மல்லிக் இசையமைக்க, வீரேந்திர கிருஷ்ண பத்ரர் தேவி மாகாத்மியச் சுலோகங்களை ஓதினார். பல ஆண்டுகள் கலைஞர்கள் இரவிலேயே நிலையத்துக்கு வந்து நேரடியாக நிகழ்த்தினர். பின்னர் ஒலிப்பதிவு வந்தது. 1976-இல் இதனை மாற்றி, புகழ்பெற்ற திரை நடிகர் உத்தம் குமாரைக் கொண்டு புதிய நிகழ்ச்சி ஒன்றை ஒலிபரப்பினர். மக்கள் கொதித்தெழுந்தனர். பழைய நிகழ்ச்சியே மீண்டது. ஒரு நடிகரின் புகழைவிட ஓர் ஒலிபரப்பாளரின் குரல் மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தது என்பது, வானொலியில் பற்றுடையோர் மகிழத்தக்க செய்தியே. இன்று அப்பதிவைக் கைப்பேசியில் எந்நேரமும் கேட்கலாம். ஆயினும் இருள் பிரியாத தெருவில், பக்கத்து வீடுகளின் சன்னல்களிலிருந்து அது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வருவதைக் கேட்பது வேறு. அன்று காலை கங்கைத் துறைகளில் ஆயிரக்கணக்கானோர் நீர்க்கடன் இறுக்கின்றனர். நம் வீடுகளிலும் அன்றுதானே மகாளயத் தர்ப்பணம்!

அதே நாளில் குமார்ட்டுலிக்குச் செல்லுதல் நன்று. வடகொல்கத்தாவில் ஆற்றை ஒட்டிய குயவர் குடியிருப்பு அது. சந்துகளின் இருபுறமும் வைக்கோலும் மூங்கிலும் கொண்டு கட்டிய உருவங்கள் மண்பூச்சோடு நிற்கும். தேவிக்குக் கண் எழுதும் சடங்கு மகாளயத்தன்று நடைபெறுவது மரபு. சிற்பிகள் வேலையில் இருப்பர். படம் எடுப்போர் கூட்டம் அவர்களுக்குத் தொல்லையாகவும் இருக்கும். குழந்தைகளோடு செல்வோர் சந்தை அடைத்து நில்லாமல் ஒதுங்கி நின்று காண்பது கடமை.

பூசை நாட்களில் செல்வதா, அதற்கு முந்திய வாரத்தில் செல்வதா? இதில் நாம் பிந்தியதன் பக்கமே நிற்கிறோம். எம் அலுவலக நண்பர் ஒருவர் முதிய தாயாரையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அஷ்டமியன்று காலை அந்நகரில் போய் இறங்கினார். அன்றுதான் சிறந்த நாள் என்று யாரோ சொல்லியிருந்தனர். மாலையில் தெருக்கள் வண்டிகளுக்கு அடைபட்டன. தாயார் ஒரு மைல் நடந்து, ஒரு பந்தலின் முன் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, தேவியைக் காணாமலே திரும்பிவிட்டார். மறுநாள் கல்லூரித் தெருவில் புத்தகம் வாங்கலாம் என்று போனால், கடைகள் அடைத்துக் கிடந்தன. பூசைக்கு நகரமே விடுமுறை கொள்ளும் என்பதை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அறையிலேயே கழிந்தது. ஊர் திரும்பிய அந்த அம்மையார், "கூட்டத்தைத்தான் பார்த்துவிட்டு வந்தேன்" என்று சொன்னாராம். அவர் அதன்பிறகு நீண்ட பயணம் எதற்கும் இசையவில்லை.

முதியவரும் சிறுவரும் உடன்வரும் குடும்பத்தார், மகாளயத்துக்கு முன்னாள் சென்று சேர்ந்து, சஷ்டி அல்லது சப்தமி இரவோடு புறப்பட்டுவிடுவதே அறிவுடைமை. அந்த ஒரு வாரத்தில் பந்தல்கள் முடிவுறும் நிலையில் இருக்கும். பெரிய பந்தல்கள் பலவற்றை இப்போது சஷ்டிக்கு முன்பே திறந்துவிடுகின்றனர். கடைகள் திறந்திருக்கும். புத்தாடை வாங்கும் ஆரவாரம் தெருவை நிறைக்கும். சியால்தா நிலையத்தின் வெளியே, 'டாக்' என்னும் பெருமுரசைத் தோளில் சுமந்த மேளக்காரர்கள் சிற்றூர்களிலிருந்து வந்து கூடி, தம்மை அமர்த்திக்கொள்ள வருவோர்க்கு வாசித்துக் காட்டுவர். கட்டணம் இல்லாத இசை மாநாடு அது. நம் தீபாவளி மலர்களைப் போன்று அவர்களுடைய பூசை மலர்களும் அதற்குள் வெளிவந்திருக்கும். நம்மிடம் மலர்கள் மெலிந்துவரும் இக்காலத்திலும், அங்கே முழு நாவல்கள் பலவற்றைத் தாங்கிய தடித்த இதழ்களை மக்கள் வாங்கிச் செல்வதைக் காணலாம். சத்யஜித் ராயின் துப்பறியும் கதைகள் பலவும் இத்தகைய பூசை மலர்களில்தான் முதலில் வெளிவந்தன.

உடல் வலிமையுள்ள இளைஞரும் கூட்டத்துக்கு அஞ்சாதவரும் பூசை நாட்களிலேயே செல்லலாம். அவர்களுக்கு இரவே பகல். பூசையின் முக்கிய இரவுகளில் மெட்ரோ இரயில் நெடுநேரம் ஓடுகிறது. காலையில் பழைய மாளிகைப் பூசைகள், பின்னிரவில் தெருப் பந்தல்கள், நடுவில் உறக்கம் என்று பொழுதை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். அஷ்டமி முடிந்து நவமி பிறக்கும் நாற்பத்தெட்டு நிமிடங்களில் நூற்றெட்டு விளக்கேற்றி நடத்தும் சந்தி பூசையை ஒரு மாளிகையில் கண்டவர் மறவார். மழையையும் கணக்கில் கொள்க. செப்டம்பர் இறுதியில் பூசை வரும் ஆண்டுகளில் பருவமழை விலகியிராது. 2025 செப்டம்பர் 23 அன்று, பூசைக்குச் சில நாட்களே இருக்கும்போது, ஓரிரவில் ஏறக்குறைய 250 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் நீரில் மிதந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அக்டோபர் நடுப்பகுதியில் பூசை வரும் ஆண்டே பயணத்துக்கு ஏற்றது.

விசயதசமிக்குப் பிறகு இருபது நாளில் தீபாவளி இரவன்று காளி பூசை வருகிறது. அதனினும் நாம் பரிந்துரைப்பது, அதற்கு அடுத்த வளர்பிறை நவமியில் சந்தன்நகரில் நடைபெறும் ஜகத்தாத்திரி பூசையை. ஹௌராவிலிருந்து மின்சார இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள அவ்வூர், புதுச்சேரியைப் போன்று பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1950-இல் இந்தியாவின் கைக்கு வந்தது. மின்விளக்கு அலங்காரத்தில் அவ்வூர்க் கைவினைஞர் பெயர் பெற்றவர்கள். நான்கு ஆள் உயரத் தேவியர் விளக்கு வண்டிகள் சூழ ஊர்வலம் வரும் இரவு, ஆற்றங்கரையில் பிரெஞ்சுக் காலத்து நடைபாதை ஆகியவற்றைக் கொல்கத்தாவின் நெரிசலில் கால்பங்கும் இன்றிக் காணலாம் என்று சொல்ல ஆசைதான். அங்கும் கூட்டம் உண்டு. ஆனால் ஊர் சிறிது, நடந்து மீளலாம்.

குளிர்காலம் வந்ததும் நகரம் கலையரங்குகளுக்குள் புகுகிறது. 1995-இல் தொடங்கிய அனைத்துலகத் திரைப்பட விழா நந்தன் வளாகத்தை நடுவிடமாகக் கொண்டு நடக்கிறது. இதன் தேதி மட்டும் நிலையானதன்று. 2023, 2024 ஆண்டுகளில் டிசம்பர் முதற்பகுதியில் நடந்தது, 2025-இல் நவம்பர் முதற்பகுதிக்கு வந்துவிட்டது. ஆதலின் இதனை நம்பி மட்டும் பயணம் வகுத்தல் கூடாது. போன இடத்தில் கிடைத்தால் மகிழலாம். நாடகமோ அவ்வாறன்று. நந்தனுக்குப் பக்கத்திலுள்ள நுண்கலைக் கழக அரங்கில் ஆண்டு முழுவதும் நாடகம் உண்டு. நாளிதழில் அன்றைய விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். மொழி புரியாதே என்று தயங்க வேண்டாம். கதை முன்னரே தெரிந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சம்ஸ்கிருதச் சொற்களின் துணையாலேயே வங்காளி மொழியில் கால்பங்கு நமக்கு விளங்கிவிடும்.

டிசம்பர் 23-ஐ ஒட்டி வரும் பௌஷம் ஏழாம் நாளில் சாந்திநிகேதனத்தில் மேளா தொடங்குகிறது. கிராமக் கைவினைப் பொருள்களும் பாவுல் பாடகர்களும் அதன் சிறப்பு. 2020 முதல் சில ஆண்டுகள் அது தடைப்பட்டும் இடம் மாறியும் நடந்தது. ஆகையால் புறப்படுமுன் அவ்வாண்டு மேளா உண்டா என்று உறுதி செய்துகொள்வது நலம். சாந்திநிகேதனம் 2023-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது. மேளா இல்லாத நாளிலும் காணத்தக்கதே. ஹௌராவிலிருந்து போல்பூர் நிலையத்துக்கு மூன்று மணி நேரப் பயணம். கிறிஸ்துமஸுக்கு நகரின் பார்க் தெரு விளக்குகளால் மின்னும். 1847-இல் திருநிலைப்படுத்தப்பெற்ற செயின்ட் பால் பேராலயத்தில் அன்று எல்லா மதத்தாரும் வரிசையில் நிற்பர்.

பொங்கலை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்க்க. மகர சங்கராந்தியன்று கங்காசாகரத்தில் நீராட வடநாடெங்கும் இருந்து திரளும் யாத்திரிகர் கொல்கத்தா வழியாகவே செல்கின்றனர். அவ்வாரம் இரயிலிலும் விடுதியிலும் இடம் அரிது.

அதற்கு அடுத்து வரும் நாட்களே, முதன்முறை செல்லும் குடும்பத்துக்கு நாம் எடுத்துரைக்க விரும்பும் காலம். ஜனவரி 20 முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை வெயில் இதமானது. மாலையில் ஒரு கம்பளிச் சட்டை போதும். அப்போதுதான் டோவர் லேன் இசை மாநாடு நடைபெறுகிறது. 1952-இல் தென்கொல்கத்தாவின் டோவர் லேன் என்னும் தெருவின் பெயரால் தொடங்கிய இம்மாநாடு, இப்போது ரவீந்திர சரோவர் ஏரியை ஒட்டிய நஸ்ருல் மஞ்சத்தில் நடக்கிறது. மாலையில் தொடங்கி மறுநாள் விடியும் வரை கச்சேரி. நம் மார்கழிக் கச்சேரிகளில் பழகியவர்க்கு இங்கே ஒரு புதுமை காத்திருக்கிறது. இந்துஸ்தானி இசையில் இராகங்களுக்குப் பொழுது உண்டு. மற்ற ஊர்களில் கச்சேரி இரவு பத்து மணிக்கே முடிந்துவிடுவதால், பின்னிரவுக்கும் விடியலுக்கும் உரிய இராகங்களை அவற்றுக்குரிய வேளையில் கேட்கும் வாய்ப்பு அருகிவிட்டது. டோவர் லேனில் நான்கு மணிக்கு ஒருவர் லலித் இராகத்தைத் தொடங்கினால், அது வெளியிலுள்ள வானத்தோடு ஒத்துப்போகிறது. கருநாடக இசைக் கலைஞர்களுக்கும் அம்மேடையில் இடம் உண்டு. நான்கு இரவும் விழிப்பது எல்லோர்க்கும் இயலாது. ஓரிரவைத் தேர்ந்து, மறுநாள் பகலை முற்றிலும் உறக்கத்துக்கு விட்டுவிடுக.

அந்நாட்களை ஒட்டியே புத்தகக் காட்சியும் வருகிறது. 1976-இல் தொடங்கிய இக்காட்சி நெடுங்காலம் மைதானத்தில் நடந்தது. இடம் சில முறை மாறி, 2018 முதல் சால்ட் லேக்கில் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. 1997-இல் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே பெருந்தீ மூண்டு எண்ணற்ற புத்தகங்கள் சாம்பலாயின. சில நாட்களில் அதே திடலில் காட்சி மீண்டும் எழுந்தது. பிறமாநிலங்களில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளை இங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்பதற்கு நாம் ஒரு தனிக் காரணம் வைத்திருக்கிறோம். வீட்டில் தமிழ் பேசவே கூசுகின்ற பிள்ளை, பள்ளியில் தன் வயதொத்த வங்காளிச் சிறுவர்கள் ஆங்கிலமும் இந்தியும் நன்றாகப் பேசிக்கொண்டே, கையில் காசை எண்ணிக்கொண்டு, தம் தாய்மொழிக் கதைப்புத்தகத்துக்கு வரிசையில் நிற்பதைக் காணட்டும். நாம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

சரசுவதி பூசையும் இக்காலத்தை ஒட்டி வரும். நமக்கு அது நவராத்திரியின் நவமி. அவர்களுக்கு வசந்த பஞ்சமி. 2026-இல் அது ஜனவரி 23-ஆம் நாள். பள்ளிகளிலும் தெரு முனைகளிலும் வெள்ளைத் தேவியை வைத்து, மஞ்சள் உடை உடுத்த மாணவ மாணவியர் கூடுவர். ஐந்து வயதுக் குழந்தை இருப்பின், சிலேட்டில் முதலெழுத்து எழுதுவிக்கும் சடங்கை அங்கே காணலாம். நம் வீட்டு விசயதசமி வித்தியாரம்பம்தான் அது. நாள் மட்டும் வேறு.

வேனில் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏப்ரல் நடுவில் வரும் வங்கப் புத்தாண்டன்று வணிகர்கள் புதுக்கணக்கு எழுதி வாடிக்கையாளர்க்கு இனிப்பு வழங்குவர். மே 8 அல்லது 9-இல் வரும் வைசாகம் இருபத்தைந்தாம் நாள் இரவீந்திரநாத தாகூரின் பிறந்தநாள். அவர் பிறந்த ஜோடாசாங்கோ இல்லத்தில் விடியற்காலை முதலே பாட்டு ஒலிக்கும். ஒரு கவிஞரின் பிறந்தநாளை ஒரு நகரம் முழுவதும் பாடிக் கொண்டாடுவதைக் காண விரும்புவோர்க்கு இதற்கு ஒப்பு வேறில்லை. ஆனால் வெக்கையும் புழுக்கமும் கடுமை. ஜாம்ஷெட்பூர், ரூர்கேலா போன்ற அண்மையூர்களில் வாழும் தமிழர் ஓரிரு நாளில் போய் மீளலாம். தொலைவிலிருந்து குடும்பத்தோடு வருவது வேண்டாம். ஜூன், ஜூலையில் தேர்த் திருவிழா. கொல்கத்தாவை அடுத்த ஸ்ரீராம்பூரின் மாஹேஷில் நடப்பது வங்கத்தின் மிகப் பழைய தேர். அன்றே குமார்ட்டுலியில் துர்க்கைச் சிலைக்கான மூங்கில் சட்டத்துக்குப் பூசையிட்டு அடுத்த விழாவுக்கு அடிகோலுகின்றனர். மழைக்காலத்தில் அந்நகரத் தெருக்களில் நீர் தேங்குவது வழக்கம் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

போக்குவரத்தைப் பற்றிச் சில குறிப்புகள். 2024 நவம்பர் முதல் இரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்தான் தொடங்குகிறது. பூசைப் பயணத்துக்கு அந்த அறுபதாவது நாளின் காலையிலேயே சீட்டு எடுத்துவிட வேண்டும். அதற்கு முன்பாகவே விடுப்புக்கு அனுமதி பெற்றிருத்தல் வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் முடிக்கலாம் என்று இருந்துவிடலாகாது. சென்னையிலிருந்து வரும் கோரமண்டல் விரைவு வண்டி 2022 முதல் ஹௌராவுக்குப் போகாமல் ஷாலிமார் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. ஊரிலிருந்து பெற்றோரை நேரே வரவழைப்போர் அவர்களை அழைக்க ஹௌராவில் காத்திருக்க வேண்டாம். நகருக்குள் மெட்ரோவே துணை. 1984-இல் இந்தியாவில் முதன்முதலாக ஓடிய மெட்ரோ வழித்தடத்திலேயே நாம் மேற்சொன்ன இடங்களிற் பல அமைந்துள்ளன. குமார்ட்டுலிக்குச் சோபாபஜார், ஜோடாசாங்கோவுக்குக் கிரீஷ் பார்க், கல்லூரித் தெருவுக்கு மகாத்மா காந்தி சாலை, நந்தனுக்கு இரவீந்திர சதன், நஸ்ருல் மஞ்சத்துக்குக் காளிகாட் அல்லது இரவீந்திர சரோவர். புத்தகக் காட்சிக்குக் கருணாமயி நிலையம்; 2025 ஆகஸ்டு முதல் ஹௌராவிலிருந்து ஆற்றின் அடியாகவே அங்கே வண்டி மாறாமல் செல்லலாம். பொருட்காட்சிசாலையும் விக்டோரியா நினைவு மண்டபமும் திங்கட்கிழமையில் அடைத்திருக்கும்.

தங்குவதற்கு ராஷ்பிகாரி அவென்யூ, லேக் மார்க்கெட் பகுதியே நம்மவர்க்கு ஏற்றது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி அது. வாழையிலையும் முருங்கைக்காயும் சந்தையில் கிடைக்கும்; இட்லிக்கு அலைய வேண்டியதில்லை. பாரதி தமிழ்ச் சங்கம், இரசிக ரஞ்சன சபா ஆகிய தமிழ் அமைப்புகளும் அந்நகரில் உள்ளன. உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கச் செயலரிடம் ஒரு கடிதம் வாங்கிச் சென்றால் இரண்டு நல்ல வார்த்தை சொல்ல ஆள் கிடைப்பர்.

படிப்பில் நாட்டமுள்ளோர் ஒரு பகலை அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்துக்கு ஒதுக்குக. பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை தம் வாழ்நாளில் திரட்டிய நூற்றொகுதி அங்கே அவர் பெயரால் தனித் தொகுதியாகக் காக்கப்படுகிறது. நூல்களைப் பார்வையிடுவதற்கு வாசகர் அட்டை வேண்டும். அடையாளச் சான்றின் நகலையும் இரண்டு புகைப்படங்களையும் புறப்படும்போதே பெட்டியில் வைத்துக்கொள்வது நலம்.